பாம்பு சொன்ன தீர்ப்பு

ஒரு படத்தின் கடைசிக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். முடிவைச் சொல்லிவிட்டாயே என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். படம் வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தவிர, இந்தக் கட்டுரையே அந்த முடிவைப் பற்றியதுதான்.

தெற்கு ஃப்ளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரும் புல்லும். ஒரு சின்னப் படகில் இரண்டு பேர். ஒருவன் பறவைகளைக் காக்க நியமிக்கப்பட்ட இளைஞன். இன்னொருவன் இறகுக்காகப் பறவைகளைச் சுட்டு விற்கும் கூட்டத்தின் தலைவன். தலைவன் கைதியாக வர ஒப்புக்கொண்டது ஒரு பந்தயத்தின் பேரில்: 'இந்தச் சதுப்பிலிருந்து நீயே வழி கண்டுபிடித்து என்னைக் கூட்டிக்கொண்டு போ பார்ப்போம், போய்விட்டால் உன் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறேன்.' போகிற வழியில் அவனைப் பாம்பு கடிக்கிறது. சாகப் போகிற நேரத்தில் அவன் தலைக்கு மேலே பறக்கும் பறவைகளைப் பார்க்கிறான். இத்தனை காலம் சுட்டுத் தள்ளியவற்றை இப்போதுதான் ஒழுங்காகப் பார்ப்பதாகச் சொல்கிறான். சதுப்பு அவனை எடுத்துக்கொள்கிறது. இளைஞன் தனியாகத் துடுப்புப் போடுகிறான்.

முதல்முறை பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டாம்முறை பார்த்தபோது கோபம் வந்தது. நடுவில் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கதைக்கு மூலமான உண்மை மனிதரைப் பற்றிப் படித்தேன்.

படத்தின் பெயர் 'விண்ட் அக்ராஸ் தி எவர்கிளேட்ஸ்'. 1958இல் வந்தது. இயக்கம் நிக்கோலஸ் ரே. திரைக்கதை பட் ஷுல்பெர்க். காவலனாக நடித்தவர் கிறிஸ்டஃபர் பிளம்மர். பின்னாளில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' கேப்டனாக நமக்கெல்லாம் தெரிந்தவர். வேட்டைக் கூட்டத் தலைவனாக பர்ல் ஐவ்ஸ். பாத்திரத்தின் பெயர் காட்டன்மௌத். அது அந்தச் சதுப்பில் வாழும் ஒரு விஷப்பாம்பின் பெயர். ஆக, பாம்பின் பெயர் வைத்திருப்பவனைப் பாம்பு கடித்துக் கதை முடிகிறது. படப்பிடிப்பு முடிவதற்குள் ரேவுக்கும் ஷுல்பெர்குக்கும் முட்டிக்கொண்டு, ரே வெளியேற்றப்பட்டார். மிச்சத்தை ஷுல்பெர்க்கே முடித்து, படத்தொகுப்பையும் பார்த்துக்கொண்டார். அதனால் படம் அங்கங்கே தையல் பிரிந்த சட்டை மாதிரி இருக்கும். அப்படியும் அதற்கு ரசிகர்கள் உண்டு. நானும் ஒருவன். ரசிகன் என்பதால்தான் இந்தச் சண்டை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இந்த வேலையில் இருப்பவரை 'கேம் வார்டன்' என்பார்கள். வார்டன் என்றதும் நமக்கு ஹாஸ்டல்தான் ஞாபகம் வருகிறது. ஆகவே காவலர் என்றே எழுதுகிறேன். வேட்டைச் சட்டத்தை மீறுகிறவரைப் பிடித்து, பொருளைப் பறிமுதல் செய்து, வழக்குப் போட்டு, கோர்ட்டில் போய் சாட்சி சொல்கிறவர். கடைசியில் சொன்ன அந்த வேலையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் காவலன் வால்ட் மர்டாக் ஒரு வாத்தியார். மயாமிக்கு வந்து இறங்கின கையோடு ஒரு பெண்ணின் தொப்பியிலிருந்த இறகைப் பிடுங்கி, வம்பை விலைக்கு வாங்குகிறான். நல்ல தொடக்கம். ஏனென்றால் குற்றம் உண்மையில் தொடங்குவது அந்தத் தொப்பியில்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க், லண்டன், பாரிஸ் பெண்களின் தொப்பிகளில் இறகு மட்டும் இல்லை, பாடம் செய்த முழுப் பறவைகளே உட்கார்ந்திருந்தன. ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் 1886இல் நியூயார்க் தெருவில் நடந்துகொண்டே தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் பறவையோ பறவையின் பாகமோ இருந்தது. வந்திருந்த பறவை இனங்கள் 40. ஒரு மனிதர் பறவைகளைப் பார்க்கக் காட்டுக்குப் போகாமல் கடைத்தெருவுக்குப் போனார் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது.

அந்தத் தொப்பிகளில் மதிப்பு மிக்கது வெள்ளைக் கொக்கின் தூவி. இனப்பெருக்கக் காலத்தில் மட்டும் கொக்கின் முதுகில் மெல்லிய நூல்போல வளர்வது. அதனால் வேட்டை நடப்பதும் கூட்டில் குஞ்சு இருக்கிற சமயத்தில்தான். தாயையும் தகப்பனையும் சுட்டு, முதுகுத் தோலை உரித்துக்கொண்டு போய்விடுவார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே பசியில் சாகும். 1903 வாக்கில் இந்தத் தூவி சந்தையில் அவுன்ஸுக்கு 32 டாலர் வரை போனது. தங்கத்தைவிட அதிக விலை.

இந்த 32 டாலரை அப்படியே கையில் வைத்துக்கொண்டு கை பிராட்லியிடம் வருவோம்.

மர்டாக்கின் மூலம் இவர்தான். 1870இல் சிகாகோவில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு ஃப்ளோரிடாவுக்கு வந்துவிட்டவர். பதினைந்து வயதில், 1885இல், ஷெவெலியே என்ற பிரெஞ்சுக்காரருக்காகப் பறவை வேட்டைக்குப் போனார். கூட அண்ணனும் ஒரு நண்பனும். அதாவது பின்னாளில் எதைத் தடுக்க உயிரை விட்டாரோ, அதே தொழிலைப் பையனாக இருந்தபோது பார்த்தவர். கூடு கட்டும் திட்டு எங்கே, எந்த வாய்க்காலில் படகு போகும், எந்த மாதம் எவன் எங்கே இருப்பான் எல்லாம் அத்துபடி. ஃப்ளோரிடாவில் 1901இல் பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததே தவிர அதைச் செயல்படுத்த ஆளில்லை, அரசிடம் காசும் இல்லை. அமெரிக்கப் பறவையியலாளர் சங்கமும் ஆடுபான் சங்கத்தினரும் நிதி திரட்டிக் காவலர்களை வைத்தார்கள். 1902இல் பிராட்லி நியமிக்கப்பட்டார். மன்ரோ கவுண்டியின் துணை ஷெரிஃப் என்ற அதிகாரமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. சம்பளம் மாதம் 35 டாலர்.

ஒரு மாதச் சம்பளம், ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் தூவி. ஒருநாள் காலை ஒரு திட்டுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்தால் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம் பார்த்துவிடலாம் என்று தெரிந்த ஆள், அந்தத் துப்பாக்கியை மற்றவர்கள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலையை எடுத்துக்கொண்டார். ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் படத்தில் இந்த மனிதர் இல்லை. ஊருக்குப் புதுசாக வந்த, கை சுத்தமான ஒரு வாத்தியார்தான் இருக்கிறார்.

பிராட்லி குடியிருந்தது ஃப்ளமிங்கோ என்ற கடலோரக் குக்கிராமத்தில். ரோடு கிடையாது. கீ வெஸ்ட் நகரத்துக்குப் படகில்தான் போகவேண்டும். மீன்பிடி, கரும்பு, கரிமூட்டம், வேட்டை என்று எது வருமானம் தருகிறதோ அதைச் செய்து பிழைத்த சில குடும்பங்கள். அங்கே வால்ட்டர் ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் சண்டை போட்ட பழைய சிப்பாய். பிராட்லிக்குத் தெரியாதவர் இல்லை. ஒரே கரையில் வீடு. ஸ்மித்தையும் அவர் மகனையும் முன்பே பிராட்லி பிடித்திருக்கிறார். இன்னொருதரம் என் மகன் மேல் கை வைத்தால் சுட்டுவிடுவேன் என்று ஸ்மித் மிரட்டியிருந்தார்.

1905, ஜூலை 8. காலையில் வீட்டிலிருந்தே பிராட்லிக்கு வெடிச்சத்தம் கேட்டது. எதிரே ஆய்ஸ்டர் கீஸ் திட்டுகளுக்குப் பக்கத்தில் ஸ்மித்தின் பாய்மரப் படகு நின்றுகொண்டிருந்தது. மனைவியும் இரண்டு சின்னப் பையன்களும் வீட்டில். தன் சின்னப் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். அதற்குப் பிறகு உயிரோடு திரும்பவில்லை. அலையில் மிதந்துபோன படகில் பிறகு உடலைக் கண்டுபிடித்தார்கள். வயது 35.

ஸ்மித் தானே கீ வெஸ்ட்டுக்குப் படகோட்டிப் போய்ச் சரணடைந்தார். பிராட்லிதான் முதலில் சுட்டார், நான் தற்காப்புக்குச் சுட்டேன் என்றார். பிராட்லியின் துப்பாக்கி வெடித்திருக்கவே இல்லை என்று அவர் தரப்பு சொன்னது. வழக்கு கிராண்ட் ஜூரிக்குப் போனது. விசாரணை நடத்துகிற அளவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க, உள்ளூர் ஆட்களையே உட்காரவைக்கும் குழு அது. பார்த்தவர்கள் என்று இருந்தது ஸ்மித்தின் படகில் இருந்தவர்கள்தான். போதுமான சாட்சியம் இல்லை என்று குழு சொல்லிவிட்டது. சில மாதச் சிறையோடு ஸ்மித் வெளியே வந்தார். விசாரணை நடக்கவே இல்லை. அதற்கு முன்னாலேயே அவருடைய வீட்டை யாரோ எரித்திருந்தார்கள். ஊருக்குள் நடந்த நீதி அந்தத் தீ மட்டும்தான்.

இப்போது படத்துக்குத் திரும்புவோம். நிஜத்துக்கும் படத்துக்கும் வித்தியாசம் இருக்கலாம், தாராளமாக இருக்கலாம். கலைஞன் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இல்லை. ஆனால் எதை மாற்றினான், மாற்றியதால் யாருக்கு நிம்மதி கிடைத்தது என்று கேட்க விமர்சகனுக்கு உரிமை உண்டு.

மூன்று மாற்றங்கள். முதலாவது, உள்ளூர்க்காரரை வெளியூர்க்காரனாக்கியது. மர்டாக்குக்கு அந்த மண்ணில் அண்ணன் தம்பி இல்லை, கடன் இல்லை, பழைய பாவம் இல்லை. அவன் யாரைப் பிடித்தாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முகத்தில் முழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிராட்லிக்கு இருந்த சங்கடம் முழுக்க அதுதான். இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டரசனாக்கியது. பர்ல் ஐவ்ஸ் திரையில் வந்தால் கண்ணை எடுக்க முடியாது. சிவந்த தாடியும் மலைபோல உடம்புமாக, பழைய கூத்தில் வரும் அசுரன் மாதிரி இருப்பார். ஆனால் ஸ்மித் அசுரன் இல்லை. மகனுக்காகத் துப்பாக்கி எடுத்த ஒரு கிழத் தகப்பன். அசுரனை வெல்வது சுலபம், கதையே நமக்கு உதவும். 'உன் மகனைக் கொடு' என்று ஒரு தகப்பனிடம் போய் நிற்பதுதான் கஷ்டம்.

மூன்றாவது மாற்றம், அந்தப் பாம்பு. குற்றவாளி கோர்ட்டுக்குப் போகவே வேண்டாம் என்று இயற்கையே தண்டனை கொடுத்துவிடுகிறது. போதாததற்கு அவன் மனமும் திருந்திவிடுகிறது. பார்க்கிற நமக்குக் கண்ணீரும் வருகிறது, கணக்கும் நேராகிவிடுகிறது. கீ வெஸ்ட்டில் பன்னிரண்டு பதினைந்து சாதாரண ஆட்கள் ஒரு அறையில் உட்கார்ந்து, 'பறவைக்காக ஒரு மனிதனைத் தூக்கில் போடுவதா?' என்று மனசுக்குள் கேட்டிருக்கக்கூடிய அந்தக் கேள்வியைப் படம் தொடவே இல்லை.

இங்கேதான் ஷுல்பெர்க் மேல் எனக்குக் கூடுதல் வருத்தம். அவர் சாட்சி சொல்வதைப் பற்றித் தெரியாதவர் இல்லை. 1951இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய், கட்சியில் தன்னோடு இருந்த பழைய தோழர்களின் பெயர்களைச் சொன்னவர். அந்தச் செயல் சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதற்குள் நான் போகவில்லை. 1954இல் 'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' எழுதினார். துறைமுகத் தொழிலாளி ஒருவன் தன் சொந்த ஆட்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும் கதை. சொன்ன பிறகு அவனுடைய ஊரே அவனைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அந்த வலியை அத்தனை துல்லியமாக எழுதியவர் அவர். நாலே வருஷம் கழித்து, ஊர் வாய்மூடி நிற்கும் இன்னொரு கதை கைக்கு வருகிறது. இதில் சாட்சி சொல்ல வேண்டியவரே செத்துவிட்டார். தனக்குத் தெரிந்த இடத்துக்கே கதை கூட்டிக்கொண்டு வந்து விட்டும், அவர் பாம்பைக் கூப்பிட்டுவிட்டார்.

படத்தின் தரப்பில் ஒருவர் இப்படிச் சொல்லலாம்: 'இது சட்டத்தைப் பற்றிய படமே இல்லையப்பா. கட்டுக்கடங்காத இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிற படம்.' ஒத்துக்கொள்கிறேன். படத்தின் மிகச் சிறந்த பகுதியே அதுதான். காவலன் காட்டன்மௌத்தின் இடத்துக்குப் போய், அந்தக் கூட்டத்தோடு உட்கார்ந்து விடியவிடியக் குடிக்கிறான். சத்தமும் பாட்டும் போதையுமாக இரவு நீள நீள, பிடிக்க வந்தவனுக்கும் பிடிபட வேண்டியவனுக்கும் நடுவே பிரியம் மாதிரி ஒன்று முளைக்கிறது. அந்த இரவில் படம் உண்மையைத் தொட்டுவிட்டது என்று நினைக்கிறேன். காவலன் தான் பிடிக்க வேண்டியவனை விரும்பவும் கூடும். அவன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சவும் கூடும். பிராட்லிக்கு அது தெரிந்திருக்கும். அவரே அந்தப் பக்கம் இருந்தவர். ஆனால் அந்தப் பிரியத்துக்கு விடிந்த பிறகு ஒரு விலை இருக்கிறது. நேற்று ராத்திரி கூடக் குடித்தவனை இன்று காலை விலங்கு மாட்ட முடியுமா? படம் அந்தக் கேள்வி வரைக்கும் வந்து, பந்தயம் என்ற தந்திரத்தில் நழுவிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். காவலனுக்கு உதவிய பில்லி ஒன்-ஆர்ம் என்ற செமினோல் பூர்வகுடி மனிதனை, அந்தக் கூட்டம் நச்சுப்பால் வடியும் மரத்தில் கட்டிப்போட்டுக் கொல்கிறது. கொடூரமான காட்சி. சாட்சிக்கு என்ன நடக்கும் என்று படம் காட்டும் ஒரே இடம் அது. அதற்கான கணக்கையும் யாரும் கேட்பதில்லை. கடைசியில் காட்டன்மௌத்துக்காக நம்மை அழவைக்கும் படம், பில்லிக்காக ஒரு நிமிஷம் கூட நிற்பதில்லை.

சாட்சியும் மௌனமும் என்று பேச்சு வந்ததால் ஒரு சிறுகதையைச் சொல்லத்தான் வேண்டும். சாரா ஆர்ன் ஜூவெட் எழுதிய 'வெள்ளைக் கொக்கு'. 1886இல் வந்தது; சாப்மன் தொப்பி எண்ணிய அதே வருஷம். மெய்ன் மாநிலக் கிராமம் ஒன்றில் பாட்டியோடு வாழும் ஒன்பது வயதுச் சிறுமி சில்வியா. துப்பாக்கியோடு ஒரு இளைஞன் வருகிறான். நல்லவன், இனிமையாகப் பேசுகிறவன், பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்து சேகரிக்கிறவன். வெள்ளைக் கொக்கின் கூடு எங்கே என்று காட்டுகிறவருக்குப் பத்து டாலர் தருவேன் என்கிறான். அந்த வீட்டுக்குப் பத்து டாலர் பெரிய காசு. குழந்தை விடிவதற்கு முன்னால் எழுந்து, காட்டிலேயே உயரமான பைன் மரத்தில் ஏறி, கூட்டைக் கண்டுபிடித்துவிடுகிறாள். திரும்பி வந்து நிற்கிறாள். பாட்டி கேட்கிறாள், அவன் கேட்கிறான். அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்தக் கதையில் காவலரும் இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் காவலரின் வேலையில் என்ன பணயம் இருக்கிறது என்பதை ஷுல்பெர்க்கின் படத்தைவிட இது நன்றாகச் சொல்கிறது. முதலில், எதிரில் நிற்பவன் அரக்கன் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அவனைப் பிடித்திருக்கிறது. இரண்டாவது, பறவையைக் காப்பாற்றினால் கைக்காசு போகிறது. அதுவும் ஏழை வீட்டுக் காசு. மூன்றாவது, செய்த காரியத்துக்குப் பாராட்ட ஆளில்லை. கொக்கு நன்றி சொல்லாது. வந்தவனும் போய்விடுவான். ஜூவெட் இந்த நஷ்டத்தை மூடி மறைக்கவில்லை. அந்தக் குழந்தை தனிமையாகத்தான் மிஞ்சுகிறாள். சில்வியாவின் மௌனம் ஒரு பறவையைக் காப்பாற்றியது. ஃப்ளமிங்கோ விஷயத்தில் நிலைமை தலைகீழ். பறவையைக் காக்கப் போனவரைப் பற்றி அவருக்காகப் பேச யாருமில்லாததால் வழக்கு விழுந்தது.

சரி, இந்த வேலையை இலக்கியம் ஒழுங்காகவே எழுதவில்லையா? எழுதியிருக்கிறது. அதிகம் மதிக்கப்படாத ஒரு மூலையில். சி. ஜே. பாக்ஸ் என்ற வயோமிங் எழுத்தாளரின் ஜோ பிக்கெட் துப்பறியும் நாவல்கள். முதல் நாவல் 'ஓபன் சீசன்', 2001. பஸ் ஸ்டாண்டில் வாங்கி ரயிலில் படித்து முடிக்கிற வகை என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆரம்பத்திலேயே ஒரு காட்சி. சீசன் இல்லாத காலத்தில் மான் சுட்ட ஓட் கீலி என்பவனுக்கு ஜோ அபராதச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். கவனம் சீட்டில் இருக்கும்போது கீலி கையை நீட்டி ஜோவின் துப்பாக்கியை உருவிவிடுகிறான். பிறகு திருப்பிக் கொடுத்துவிடுகிறான், ஆனால் ஊர் முழுக்கச் சிரிக்கிறது. இன்னொரு விஷயமும் ஊர் சொல்லிச் சிரிக்கும்: லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்தார் என்று மாநில ஆளுநரையே, அடையாளம் தெரியாமல், ஜோ பிடித்துவிட்டார்.

படத்தில் விட்டுப்போனதெல்லாம் இந்த நாவலில் இருக்கிறது. அரசாங்கம் கொடுத்த சின்ன வீடு. பற்றாத சம்பளம். மனைவி மேரிபெத் கர்ப்பமாக இருக்கிறாள். இரண்டு பெண் குழந்தைகள். தேடப்படுகிற ஆள் காட்டுக்குள் எங்கோ ஒளிந்திருக்கவில்லை. பொட்டலம் கட்டினால் அதே கடையில்தான் அவனும் கட்டவேண்டும். அருகி அழிந்துவிட்டதாக நினைத்த ஒரு சின்ன மிருகம் உயிரோடு இருப்பது தெரிந்தால் பெரிய குழாய்த்திட்டம் நின்றுபோகும் என்பதுதான் நாவலின் முடிச்சு. அதாவது சட்டம் வந்தால் யாருடைய வேலை போகும் என்ற கேள்வி. பாக்ஸ் அந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் நின்று கேட்கிறார். சட்டத்தின் மேலேயே சந்தேகம் உள்ள ஒருவர் எழுதிய மாதிரி இருக்கிறது. ஆனால் சட்டத்தைச் செயல்படுத்தப் போகிற ஆள்மேல் அவருக்கு அத்தனை வாஞ்சை. இந்த முரண் நாவலுக்கு உயிர் கொடுக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. துப்பறியும் நாவலின் சந்தைக் கட்டாயம் பாக்ஸையும் விடவில்லை. முடிவுக்கு வரவர ரத்தம் கொட்டவேண்டும், துப்பாக்கி வெடிக்கவேண்டும். ஷுல்பெர்க் பாம்பை அனுப்பினார், பாக்ஸ் தோட்டாவை அனுப்புகிறார். கோர்ட் வாசல் இங்கேயும் காலியாகத்தான் கிடக்கிறது.

ஏன் இப்படி? எனக்குத் தோன்றுவது இது: இந்த வேலையின் அன்றாடம் கதைக்கு லாயக்கில்லாததுபோலத் தெரிகிறது. அமெரிக்காவின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் வேலை செய்யும் காவல் அதிகாரியின் நாள் பெரும்பாலும் என்னவென்று பாருங்கள். பல புகலிடங்களில் வேட்டைக்கு அனுமதி உண்டு. வெளியாட்களுக்கு இதுவே ஆச்சரியம். அதிகாரி விடியற்காலையில் போய், வாத்து சுட வந்தவரிடம் லைசென்ஸ் கேட்கிறார். 1934இல் வந்த வாத்து முத்திரையை வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று பார்க்கிறார். பையில் எத்தனை வாத்து, எந்த இனம் என்று எண்ணுகிறார். ஈயக்குண்டு இருக்கிறதா என்று சோதிக்கிறார். நீர்ப்பறவை வேட்டையில் ஈயக்குண்டு 1991இலிருந்து நாடு முழுக்கத் தடை. தின்ற பறவைக்கு விஷம் என்பதால். எல்லாம் சரியாக இருந்தால் 'நல்லது, போய்ட்டு வாங்க' என்று அனுப்பிவிடுகிறார். அவ்வளவுதான். ஆனால் இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நகரத்துப் போலீஸ்காரர் நிறுத்துகிற ஆளிடம் துப்பாக்கி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இவர் நிறுத்துகிறவர் கையில் அநேகமாக எப்போதும் துப்பாக்கி இருக்கும். சட்டப்படியே இருக்கும். கூடவே ஆளரவம் இல்லாத இடம். உதவிக்குக் கூப்பிட்டால் வந்துசேர நேரமாகும். பிராட்லியின் சின்னப் படகு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பிராட்லி மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 1908இல் ஃப்ளோரிடாவின் சார்லட் ஹார்பரில் கொலம்பஸ் மெக்லியாட் என்ற காவலர் காணாமல் போனார். மூழ்கடிக்கப்பட்ட படகு கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. அதே வருஷம் தெற்குக் கரோலினாவில் பிரெஸ்லி ரீவ்ஸ் என்ற காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்த இரண்டு பேருக்காகவும் யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை. இன்னொரு பக்கம், 1903இல் அறிவிக்கப்பட்ட முதல் தேசியப் புகலிடமான பெலிகன் தீவைப் பார்த்துக்கொண்ட பால் க்ரோகல். அவருக்குச் சம்பளம் மாதம் ஒரு டாலர். அதையும் அரசாங்கம் தரவில்லை, ஆடுபான் சங்கத்தார்தான் கொடுத்தார்கள். அறிவிப்பு வெளியிடுவது சுலபம். படகில் ஏறிப் போவதற்கு ஆள் வேண்டும்.

இறகு வியாபாரத்தை முடித்தது சதுப்பில் நடந்த சண்டை இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 1910இல் நியூயார்க் மாநிலம் உள்நாட்டுப் பறவைகளின் இறகு விற்பதைத் தடை செய்தது. 1913இலும் 1918இலும் தேசியச் சட்டங்கள் வந்தன. ஃபேஷனும் மாறியது. தொப்பிக் கடையைப் பூட்டிய பிறகுதான் சதுப்பில் துப்பாக்கி ஓய்ந்தது. அதுவரைக்கும் தொப்பி போட்டவர்களுக்கும் சுட்டவர்களுக்கும் நடுவில், மாதம் 35 டாலருக்கு, ஒரு ஆளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஃப்ளமிங்கோ ஜனங்களின் பக்கம் இருந்து பார்த்தால் அவர்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது: வாங்கிய சீமாட்டியை யாரும் பிடிக்கவில்லை, விற்ற ஏழையைத்தானே பிடித்தார்கள். தொப்பியிலிருந்து இறகைப் பிடுங்கும் காட்சியோடு தொடங்கிய படம், அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போயிருக்கலாம். பாதியில் தொப்பியை மறந்துவிட்டு அசுரனைத் தேடிப் போய்விட்டது.

இது பழங்கதை இல்லை என்று காட்ட ஒரு இடத்தைச் சொல்கிறேன். ஓரிகன் மாநிலத்தில் மல்ஹியர் என்று ஒரு புகலிடம். இதுவும் இறகு வேட்டையால் உருவானதே. அங்கே கொக்குகளைச் சுட்டுத் தீர்த்த பிறகு, வில்லியம் ஃபின்லி என்ற புகைப்படக்காரர் எடுத்த முயற்சியில், 1908இல் தியோடர் ரூஸ்வெல்ட் அதைப் பாதுகாப்பிடமாக அறிவித்தார். 2016 ஜனவரி 2ஆம் தேதி ஆயுதம் ஏந்திய ஒரு குழு அந்தப் புகலிடத்தின் அலுவலகத்தைப் பிடித்துக்கொண்டது. மத்திய அரசுக்கு நிலத்தின்மேல் உரிமை இல்லை என்பது அவர்கள் வாதம். 41 நாள். புகலிடத்து ஊழியர்கள் வேலைக்குப் போக முடியவில்லை. குழுவில் ஒருவர் போலீஸ் சுட்டு இறந்தார். அந்த மண்ணின் ஆதிக்குடிகளான பையூட் மக்கள், 'எங்கள் நிலத்தை யாரிடமிருந்து யாருக்கு மீட்கிறீர்கள்?' என்ற பொருளில் கேட்டார்கள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அக்டோபரில் போர்ட்லண்டில் தீர்ப்பு வந்தது. தலைவர் அம்மன் பண்டி உள்பட ஏழு பேர்மீது இருந்த முக்கியக் குற்றச்சாட்டு, அரசு ஊழியர்களை மிரட்டி வேலை செய்யவிடாமல் தடுக்கச் சதி செய்தார்கள் என்பது. ஜூரி அவர்களைக் குற்றவாளிகள் இல்லை என்று விட்டுவிட்டது. வேறு சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நடந்த இன்னொரு விசாரணையில் சிலருக்குத் தண்டனையும் ஆனது. இரண்டு வழக்கும் ஒன்றில்லை. கீ வெஸ்ட்டில் ஒருவர் செத்திருந்தார்; போர்ட்லண்டில் அரசுத் தரப்பு சதியை நிரூபிக்கவில்லை என்பதே ஜூரியின் முடிவு. ஆனாலும் ஒரு கேள்வி இரண்டிலும் ஒன்றாகவே நிற்கிறது: காவலர் யார் சார்பில் காவல் காக்கிறார் என்பதில் ஊருக்கே சம்மதம் இல்லையென்றால் அவர் கையில் இருக்கும் சட்டத்துக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்விக்குப் பாம்பு பதில் சொல்லாது. சொல்லவேண்டியவர்கள் ஜூரியில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரரும் மீன்பிடிக்கிறவரும் டீச்சரும்தான். அவர்களை நம்பவைக்கும் வேலையைக் காவலர் கைவிலங்கோடு செய்ய முடியாது. அக்கம்பக்கத்தாரோடு வாழ்ந்துதான் செய்யவேண்டும். பிராட்லி அதற்குப் பொருத்தமான ஆள் என்று நான் நினைப்பது இதனால்தான். வேட்டைக்காரனாக இருந்து மனம் மாறியவர், அதே கரையில் வீடு கட்டிக்கொண்டு, அதே ஜனங்களிடம் 'நானும் செய்தவன்தான், இனி வேண்டாம்' என்று சொல்லக்கூடியவர். மூன்று வருஷம்தான் கிடைத்தது.

கேப் சேபிள் கரையில் அவரைப் புதைத்தார்கள். 1960இல் வந்த டோனா புயல் அந்தக் கல்லறையையும் கொண்டுபோய்விட்டது. அவர் காவல் காத்த சதுப்பின் பெரும்பகுதி 1947 முதல் தேசியப் பூங்காவாக இருக்கிறது. கொக்குகள் திரும்பி வந்தன.

யாராவது அவர் கதையை மறுபடியும் எடுப்பார்கள் என்றால் பாம்பும் வேண்டாம், குடிப்பந்தயமும் வேண்டாம். ஜூலை மாதக் காலை. வீட்டுக்குள் பையன்கள். தண்ணீருக்கு அந்தப் பக்கம் வெடிச்சத்தம். யாருடைய படகு என்று பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிடுகிறது. காது கேட்காததுபோல இருந்துவிடலாம். கேட்டதா என்று யாரும் வந்து விசாரிக்கப்போவதில்லை. படகை அவிழ்ப்பதற்கு முந்தின அந்த ஐந்து நிமிஷத்தை எடுத்தால் போதும்.